ஆமென் போட்ட பிறகு

எங்கள் சபையின் வாட்ஸ்ஆப் ஜெபக் குழுவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அட்மின் என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. வருகிற ஜெபக்குறிப்புகளைப் படித்து, விவரம் போதாவிட்டால் கேட்டு, தெளிவாக எழுதிக் குழுவில் போட வேண்டும். யாராவது சம்பந்தமில்லாத வீடியோவை அனுப்பிவிட்டால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் சமூக ஊடகத்தில் கிறிஸ்தவனாக இருப்பதைப் பற்றிய என் எண்ணத்தை இந்த வேலை வேறு பக்கம் திருப்பிவிட்டது. யாராவது அதைப் பற்றிப் பேச்செடுத்தால், காலையில் ஸ்டேட்டஸில் வைக்கிற வாக்குத்தத்த வசனமோ யூடியூப் பிரசங்கமோ எனக்கு முதலில் நினைவுக்கு வருவதில்லை. ஒரு ஜெபக்குறிப்பு வந்து, எல்லாரும் ஆமென் போட்ட பிறகு, அதை அனுப்பியவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் நினைவுக்கு வருகிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். ராத்திரி நேரம் கழித்து ஒரு மெசேஜ் வரும்: "அம்மாவுக்கு நாளை காலை ஆபரேஷன். பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள்." உடனே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழும். ஆமென். ஜெபிக்கிறோம் சிஸ்டர். கர்த்தர் பெரிய காரியம் செய்வார். இதை வெறும் சம்பிரதாயம் என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மகளுக்கு, தன் அம்மாவுக்காக அந்த நேரத்திலும் இத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்று தெரிவது பெரிய பலம். மறுநாள் சாயங்காலம் "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஸ்தோத்திரம்" என்று வரும். மறுபடியும் ஆமென்கள். அதற்குள் வேறு ஜெபக்குறிப்புகள் வந்து, அந்த அம்மாவின் பெயர் மேலே போய்விடும்.

கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். யார் கூட இருந்து பார்த்துக்கொள்வது என்று பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வரும். பயாப்ஸி முடிவு வருகிற வரை ஒவ்வொரு நாளும் நீளும். சாப்பாடு இறங்காது. இன்னும் எத்தனை நாள் லீவு போட முடியும் என்ற கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். இதில் எதையும் அந்த மகளால் குழுவில் எழுத முடியாது. எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லி முடித்த இடத்தில் மறுபடியும் போய், எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயர், விஷயம், எந்தத் தேதியில் மறுபடி கேட்க வேண்டும் என்பது. ஸ்கேன் என்றைக்கு, பரீட்சை முடிவு என்றைக்கு, வேலைக்கான நேர்காணல் என்றைக்கு. அந்தத் தேதி வந்ததும் குழுவில் இல்லாமல் தனியாக ஒரு வரி: "இன்றைக்கு ரிசல்ட் வரும் என்று சொன்னீர்களே அக்கா, வந்துவிட்டதா?" இந்த ஒரு வரிக்கு வருகிற பதில்கள், குழுவில் வரவே வராதவை. நீளமாக இருக்கும். சில சமயம் பதிலுக்குப் பதிலாக போனே வரும்.

இந்தப் பழக்கத்தை நான் கற்றுக்கொண்டது குழுவில் உள்ள ஒரு பெரியம்மாவிடம். அவர் குழுவில் எதுவுமே எழுதமாட்டார். டைப் செய்ய வராது. ஜெபக்குறிப்பைப் படித்ததும், சம்பந்தப்பட்டவருக்குத் தனியாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். அதில் விசாரிப்பு இருக்காது, ஆறுதல் பேச்சும் இருக்காது. ஜெபம் மட்டும். நோயாளியின் பெயரைச் சொல்லி, ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரின் கைகளுக்காகவும், ராத்திரி டியூட்டியில் இருக்கிற நர்சுக்காகவும் சொல்லி, ஒரு நிமிஷத்துக்குள் ஆமென் என்று முடிப்பார். பின்னணியில் அவர் வீட்டு ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்கும். தன் அப்பா மயக்கத்தில் இருந்தபோது அந்த வாய்ஸ் மெசேஜை அவர் காதருகே வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டதாக ஒரு தம்பி என்னிடம் சொன்னான். "ஜெபிக்கிறேன்" என்று எழுதுவது ஒரு தகவல். அவர் அனுப்பியது ஜெபமேதான். இந்தக் கருவியை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்துகிற வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

2021இல் பேஸ்புக் நிறுவனம் அமெரிக்காவில் உள்ள குழுக்களுக்கு, ஜெபக்குறிப்புப் போடுவதற்கென்றே ஒரு வசதியைக் கொடுத்தது. படிக்கிறவர் 'ஜெபித்தேன்' என்று ஒரு பொத்தானை அழுத்தலாம். நாளைக்கும் ஜெபிக்க நினைவூட்டு என்று கேட்டு வைக்கவும் முடியும். அந்த இரண்டாவது ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நாளைக்கு நமக்கு மறந்துபோகும் என்று அதை வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

2023 மே மாதம் வத்திக்கானின் தகவல்தொடர்புத் துறை, சமூக ஊடகத்தில் கிறிஸ்தவர்கள் இருக்க வேண்டிய விதத்தைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டது. வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனுக்கு உதவினவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமைதான் அதற்கு அடிப்படை. அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிப்போன ஆசாரியனையும், ஆலய ஊழியக்காரனான லேவியனையும், திரையைத் தள்ளிக்கொண்டே போகிற நம் விரலோடு சேர்த்துப் பார்ப்பது எளிது. எனக்கு அந்த உவமையில் முக்கியமாகப் படுவது கடைசிப் பகுதி. சமாரியன் காயங்களைக் கட்டியாயிற்று, சத்திரத்தில் சேர்த்தாயிற்று. மறுநாள் புறப்படும்போது சத்திரத்தான் கையில் இரண்டு பணத்தையும் கொடுத்தாயிற்று. அதோடு போயிருந்தாலும் யாரும் அவனைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவனோ, மேலே செலவானால் "நான் திரும்பிவரும்போது" தருகிறேன் என்கிறான். திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான்.

ஆதிச் சபையும் தூரத்தில் இருந்துகொண்டே ஐக்கியத்தைக் காத்த சபைதான். அப்போஸ்தலனாகிய பவுல் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு எழுதின நிருபத்தில், அதாவது கடிதத்தில், எப்பாப்பிரோதீத்துவைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. சிறையில் இருந்த பவுலுக்கு உதவி கொண்டுபோகப் பிலிப்பி சபையார் அவரை அனுப்பினார்கள். போன இடத்தில் அவர் வியாதிப்பட்டுச் சாகும் தறுவாய்க்குப் போய்விட்டார். அந்தச் செய்தி பிலிப்பிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அவர்கள் கேள்விப்பட்டுவிட்டார்கள் என்ற செய்தி திரும்பி இவருக்கு வந்தது. தனக்கு வந்த வியாதியைவிட, அதைக் கேள்விப்பட்டு அவர்கள் கலங்குவார்களே என்பதுதான் அவரை வருத்தியது. செய்தி போனது கால்நடையாகவும் கப்பலிலும். ஒரு தடவை போய்வர வாரக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனாலும் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பவுல் அதற்குச் செய்த ஏற்பாடு, குணமான ஆளையே அனுப்பிவைப்பது. அவரை மறுபடியும் கண்டு நீங்கள் சந்தோஷப்படும்படி அனுப்புகிறேன் என்று எழுதுகிறார்.

பவுல் ரோமில் இருந்த விசுவாசிகளுக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரமான ரோமர் 16ஐயும் இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். வேகமாகத் தாண்டிப் போகிற அதிகாரம் அது, வெறும் பெயர்கள் என்று. கெங்கிரேயா சபையின் பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்து, பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, மரியாள், ஊர்பான் என்று போகிறது. ரூப்பையும் "எனக்கும் தாயாகிய அவனுடைய தாயையும்" வாழ்த்துகிறார். நடுவில், பவுல் சொல்லச் சொல்ல நிருபத்தை எழுதின தெர்தியுகூட தன் வாழ்த்தைச் சொல்லிவிடுகிறார். பவுல் அதுவரை ரோமுக்குப் போனதே இல்லை. போகாத ஊரில் இத்தனை பேரை, அவரவர் செய்த வேலையோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறார்.

சரி, ஜெபக்குறிப்பிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். மற்றவர்களுடைய வீட்டு விஷயம் நம் குழுக்களில் பரவுகிற வழி பெரும்பாலும் ஜெபக்குறிப்புதான். "இன்ன சகோதரியின் குடும்பத்தில் பிரச்சினை, ஜெபியுங்கள்" என்று ஒருவர் போடுவார். அந்தச் சகோதரிக்குத் தன் பெயர் வந்ததே தெரிந்திருக்காது. கர்ப்பம் கலைந்ததை, மனநலச் சிகிச்சை எடுப்பதை, கணவன் மனைவி பிரிந்திருப்பதை, அவர்கள் ஒருவரை நம்பிச் சொன்னதை, அந்த ஒருவர் நூற்றுக்கணக்கான பேருக்குச் சொல்லிவிடுவார். நல்ல எண்ணத்தோடுதான். சேதம் சேதம்தான். எங்கள் குழுவில் இப்போது ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: சம்பந்தப்பட்டவர் சரி என்று சொல்லாமல் பெயரோ வியாதியோ படமோ போடுவதில்லை. படுக்கையில் ட்யூப்களோடு கிடப்பவரின் போட்டோவை யார் அனுப்பினாலும் போடமாட்டேன். அவருக்கு நினைவு திரும்பினால் அந்தப் படத்தை அவரும் பார்ப்பார்.

ஞானஸ்நானப் படங்களிலும் இதே கவனம் வேண்டும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவரின் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தால் அவர் வீட்டை விட்டே போக வேண்டி வரலாம். தண்ணீரிலிருந்து எழும்புகிற அந்தப் படத்தைச் சந்தோஷத்தில் டேக் செய்து போடுகிறவர், அவருடைய சாட்சியை அவர் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். தன் சாட்சியை எப்போது, யாருக்குச் சொல்வது என்பது அவருக்கே உரியது.

பார்வேர்டுகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆப்கானிஸ்தானில் 22 மிஷனெரிகளுக்கு நாளை மரண தண்டனை, உடனே ஜெபித்து எல்லாருக்கும் அனுப்புங்கள் என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். வருடக்கணக்காகச் சுற்றுகிறது. எந்தச் சபையின் மிஷனெரிகள், எந்த ஊர், என்ன பெயர், எதுவும் இருக்காது. தேதியும் இருக்காது, "நாளை" என்று மட்டும் இருக்கும். அதனால் எந்த வருடம் அனுப்பினாலும் அது புதிதாகவே இருக்கும். 2007 ஜூலையில் தென்கொரியக் கிறிஸ்தவர்கள் 23 பேரைத் தலிபான்கள் அந்த நாட்டில் கடத்தியது உண்மை. அதில் இருவர் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் ஆகஸ்ட் மாத முடிவுக்குள் விடுவிக்கப்பட்டார்கள். இந்த 22 பேர் செய்தி பொய் என்று, உண்மை சரிபார்க்கிறவர்கள் பலமுறை எழுதியாயிற்று. ஜெபம்தானே, அனுப்பினால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. நஷ்டம் இருக்கிறது. ஒரு தேசத்தாரைப் பற்றி நடக்காத கொலையைச் சொல்வது பொய்ச்சாட்சி. பத்துக் கட்டளைகளில் ஒன்றை மீறுவது. அப்புறம், உண்மையாகவே பாடுபடுகிறவர்களின் செய்தி வரும்போது, இதுவும் பழைய பார்வேர்டுதான் என்று ஜனங்கள் தள்ளிவிடுகிறார்கள். 2015 பிப்ரவரியில் லிபியக் கடற்கரையில் கழுத்தறுத்துக் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்கள் 21 பேருக்குப் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. எகிப்தின் காப்டிக் சபை அவர்களை இரத்தசாட்சிகளாகப் பெயர் சொல்லி நினைவுகூருகிறது.

வாட்ஸ்ஆப் 2019 ஜனவரியில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி உலகம் முழுக்கக் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில், பலமுறை அனுப்பப்பட்டவற்றுக்கு அந்த ஐந்தும் ஒன்றாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் வைத்த இந்தத் தடுப்பை, காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்வது புத்தியீனம் என்கிற நீதிமொழியை வாசித்த நாமே நமக்கு வைத்திருந்திருக்கலாம்.

ஏழைகளுக்கு உதவி செய்து, வாங்குகிறவர் முகம் தெரியப் படம் எடுத்துப் போடுவதைப் பற்றி நான் நீட்டி எழுதப்போவதில்லை. தர்மத்தை மனுஷர் காணும்படி செய்யாதே என்று மத்தேயு 6ஆம் அதிகாரம் தெளிவாகவே சொல்கிறது.

சண்டைகளுக்கு வருகிறேன். ஞானஸ்நானம், அந்நியபாஷை, ஓய்வுநாள் என்று கமெண்டில் ஆரம்பிக்கும் வாக்குவாதம், பத்தாவது பதிலுக்குள் "நீ இரட்சிக்கப்பட்டவன்தானா?" என்பதில் வந்து நிற்கும். இதில் முழுப் பழியையும் நம் சுபாவத்தின் மேல் போட முடியாது. எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று கணக்கிடும்போது, 2017இல் பேஸ்புக் கோபக் குறிக்கு ஒரு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்தது. நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளிவந்தபோது இது தெரியவந்தது. அந்த மதிப்பைப் படிப்படியாகக் குறைத்து, 2020இல் பூஜ்யமாக்கியிருந்தார்கள். அந்த நாட்களில் ஒரு விசுவாசி கோபத்தோடு எழுதியது நிறைய பேருக்குப் போனது. பொறுமையாக எழுதியது போகவில்லை. "யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்" என்று யாக்கோபு எழுதியதற்கு நேர் எதிரான ஒரு கணக்குக்குள் உட்கார்ந்துகொண்டுதான் நாம் யாக்கோபின் வசனத்தையே பகிர்ந்துகொண்டிருந்தோம்.

தனிப்பட்ட மனஸ்தாபத்துக்கு மத்தேயு 18இல் இயேசு சொன்ன வழி நேரடியானது: உன் சகோதரன் குற்றஞ்செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் போய் உணர்த்து. ஸ்கிரீன்ஷாட் எடுத்து மூன்றாம் ஆளுக்கு அனுப்பிய நிமிஷமே அந்த வழி அடைபட்டுப்போகிறது. ஆனால் இந்த வசனத்தை யார், யாரிடம் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஊழியரால் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணிடம், வெளியே சொல்லாதே, தனியாகப் போய்ப் பேசு என்று மத்தேயு 18ஐக் காட்டியிருக்கிறார்கள். 2017 நவம்பரில் அமெரிக்காவில் 'சர்ச்டூ' (சபையிலும்கூட) என்ற ஹேஷ்டேக்கின் கீழே பெண்கள் தங்கள் சபைகளில் நடந்தவற்றை எழுத ஆரம்பித்தபோது, சபை கேட்க மறுத்த வார்த்தைகளைச் சமூக ஊடகம் கேட்டது. அந்த அதிகாரத்திலேயே இரண்டு மூன்று சாட்சிகளும் சபைக்குத் தெரியப்படுத்துவதும் அடுத்தடுத்து வருகின்றன. சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றிய பயங்கரமான எச்சரிப்பு அதற்கும் முன்னால் வருகிறது. பலவீனமானவரின் வாயை அடைக்கிறதற்கு அந்த வசனம் கொடுக்கப்படவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நேரலை ஆராதனையைப் பற்றியும் கேட்கிறார்கள். 2020இல் கதவுகள் மூடினபோது எல்லாரும் திரைக்கு வந்தோம், பிறகு பெரும்பாலானோர் திரும்பிவிட்டோம். திரும்ப முடியாதவர்கள் இருக்கிறார்கள். படுக்கையில் இருக்கிறவர்கள், அவர்களை விட்டு நகர முடியாமல் பார்த்துக்கொள்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையும் வேலையில் இருக்கிறவர்கள். இவர்களிடம் எபிரெயர் 10:25ஐச் சொல்லி, சபை கூடிவருதலை விட்டுவிட்டீர்கள் என்பது அநியாயம். கூடிவர முடியாதவரிடம் சபைதான் போக வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபை 2002லேயே, இணையத்தில் திருவருட்சாதனங்கள் (ஞானஸ்நானம், திருவிருந்து போன்றவை) இல்லை என்று எழுதிவைத்தது. மற்ற சபைகள் பல, 2020இல் அவரவர் வீட்டிலேயே அப்பத்தையும் ரசத்தையும் வைத்துக்கொண்டு திரை வழியாகத் திருவிருந்தில் பங்கெடுக்கச் சொன்னன. இதில் எந்தப் பக்கம் இருந்தாலும், அப்பத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கையால் வாங்குவதற்குத் திரை ஈடாகாது என்பதை யாரும் மறுப்பதில்லை. யோவானும் தம் இரண்டாம் நிருபத்தில், எழுத வேண்டியவை அநேகம் இருந்தும் காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனதில்லை, வந்து முகமுகமாய்ப் பேசலாமென்று நம்பியிருக்கிறேன் என்கிறார். ஆனால் அதைச் சொல்லவும் அவருக்குக் காகிதமும் மையும் தேவைப்பட்டது. அதனால்தான் எங்கள் நேரலையில், பார்க்கிறவர்களின் பெயரைச் சொல்லி வரவேற்க ஒருவரை உட்கார வைத்திருக்கிறோம். வழக்கமாக வருகிற பெயர் ஒரு வாரம் காணவில்லை என்றால் அவரே திங்கட்கிழமை போன் செய்வார்.

2022இல் வாட்ஸ்ஆப் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. அதற்கு முன் ஒருவர் குழுவை விட்டு வெளியேறினால் எல்லாருக்கும் தெரியும். இப்போது அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். எங்கள் குழுவிலிருந்து யாராவது போனால் அந்தச் செய்தி எனக்கு வருகிறது. அன்றைக்கே கூப்பிடுகிறேன். பாதி பேர், போனில் இடமில்லை, மெசேஜ் அதிகமாக வருகிறது என்பார்கள். அது முழுக்க நியாயம். மற்றவர்கள் கொஞ்ச நேரம் தயங்குவார்கள். யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள், அல்லது ஜெபித்தது நடக்காமல் போயிருக்கும், மற்றவர்களின் ஸ்தோத்திரங்களைப் படிக்க முடியாமல் போயிருப்பார்கள். அப்படிப்பட்டவர்களிடம் குழுவைப் பற்றிப் பேசுவதே இல்லை. வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பேன். வரலாமா என்றும் கேட்பேன். சரி என்றால், பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன்.